ஐயரும் தாலியும் இல்லாமல் கல்யாணம் செல்லுமா?

கேட்டவருக்கு 27 வயது. வீட்டில் பார்த்த மாப்பிள்ளை, ஒரே சாதி, இருவருக்கும் பிடித்துப் போயிருக்கிறது. ஹோமம், தாரை வார்ப்பது, தாலி எதிலும் இவருக்கு நம்பிக்கையில்லை, மாப்பிள்ளைக்கும் அதே எண்ணம்தான். வீட்டிலோ "ஒரு நாள் கூத்துதானே, பல்லைக் கடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்து எழுந்துவிடு" என்கிறார்கள். சடங்கு இல்லாமல் செய்தால் சட்டப்படி செல்லுமா என்று கேட்டிருக்கிறார். ஆனால் உண்மையில் கேட்க வந்தது கடைசி இரண்டு வரியில் இருக்கிறது: நம்பாத ஒன்றை ஊர் பார்க்கச் செய்வது எனக்குப் பொய்யாகப் படுகிறது, அதற்காக அப்பாவை இழந்து நிற்கும் அம்மாவை அழ வைக்கலாமா? முதல் கேள்விக்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. ஆனாலும் முதலாவதைச் சரியாகத் தெரிந்துகொண்டால் இரண்டாவதன் பாரம் பாதி இறங்கிவிடும். குடும்பத்தில் கட்டாயம் என்று நினைப்பதில் பெரும்பகுதி சட்டத்துக்குத் தேவையே இல்லாதது.

செல்லும். தமிழ்நாட்டில் சந்தேகமே வேண்டாம். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழகச் சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தம் அது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மூன்றில் ஒன்று நடந்தால் போதும். ஒருவரை ஒருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்றுக்கொள்வதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், விரலில் மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். மூன்றுக்கும் நடுவில் இருக்கும் சொல் 'அல்லது', 'மற்றும்' அல்ல. தாலி இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை என்று பெரியவர்கள் சொன்னால் அது வழக்கத்தைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புரோகிதர் வேண்டும் என்றோ, அக்கினி வேண்டும் என்றோ, இத்தனை பேர் இருக்க வேண்டும் என்றோ அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

இப்படிச் செய்தால் செல்லாமல் போய்விடுமோ என்ற அம்மாவின் பயம் வெறும் மூடநம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு பின்னணி உண்டு. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்த காலத்திலிருந்து நாற்பது ஆண்டுகள், இப்படி மணந்தவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றே தீர்ப்புச் சொன்னது. மனைவி மனைவியல்ல, பிள்ளைகளுக்குச் சொத்தில் இடமில்லை என்ற நிலை. 7-ஏ பிரிவு அதற்குப் பிறகு வந்தது, முன்பே நடந்த திருமணங்களையும் நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாக்கியது. உங்கள் பாட்டி காலத்துப் பயத்துக்குக் காரணம் இருந்தது, இப்போது அந்தக் காரணம் இல்லை. வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று தொடங்குவதைவிட இது வேலை செய்யும்.

இனி இந்தப் பிரிவு எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று பார்ப்போம். இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துக்களாக இருக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். கடவுள் இல்லை என்று சொல்வதால் யாரும் இந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. இதில் ஒரு வேடிக்கை: மதமே வேண்டாம் என்று மேடையில் உறுதிமொழி சொல்லி மணப்பவர் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ்தான் மணக்கிறார். அது உறுத்தினால் வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஐந்தாவது பிரிவின் நிபந்தனைகள் இதற்கும் பொருந்தும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் கணவரோ மனைவியோ இருக்கக் கூடாது. விலக்கப்பட்ட உறவாக இருக்கக் கூடாது. அத்தை மகன், தாய்மாமன் போன்ற முறைகள் வழக்கத்தால் அனுமதிக்கப்பட்டவை என்பதால் நம்மூரில் அது பெரும்பாலும் சிக்கலாவதில்லை.

இடம் முக்கியம். இது மாநிலத் திருத்தம். பெங்களூரிலோ மும்பையிலோ மண்டபம் பிடித்து, மாலை மட்டும் மாற்றிக்கொண்டு, 7-ஏ என்று வாதாட முடியுமா என்பதில் நான் உறுதி தர மாட்டேன். கேட்டவர் வேலை பார்ப்பது பெங்களூரில் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், விழாவைத் தமிழ்நாட்டு எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில்தான் வைப்பேன் என்றால், கீழே சொல்லப்போகும் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போய்விடுங்கள்.

ரகசியமாக நடந்தால் செல்லுமா என்பது வெகுநாள் இழுபறியாக இருந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொள்வது திருமணமாகாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்று 7-ஏ கேட்கவில்லை, எதிர்ப்புக்குப் பயந்து சிலர் அப்படி அறிவிக்க முடியாமலும் இருக்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். வழக்கறிஞர் நண்பராகவோ உறவினராகவோ சமூக ஆர்வலராகவோ நின்று நடத்தி வைக்கலாம், தொழில்முறையில் செய்யக் கூடாது என்றும் வரையறுத்தது. பணம் வாங்கிக்கொண்டு ஒரே மணி நேரத்தில் 'திருமணச் சான்றிதழ்' அச்சடித்துக் கொடுக்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். அந்தத் தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "விழா எதற்கு, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டால் போதாதா?" என்பார்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவு என்பது நடந்த திருமணத்துக்கு அத்தாட்சி. திருமணத்தை அது உண்டாக்காது. முறைப்படித் திருமணமே நடக்காமல் பதிவு மட்டும் செய்தால் அந்தச் சான்றிதழ் நிற்காது என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்களுக்கு அந்த முறை என்பது ஒரு வாக்கியமோ ஒரு மாலையோதான், ஆனால் அந்த ஒன்று கட்டாயம் நடக்க வேண்டும், நடந்ததைப் பார்த்தவர்கள் இருக்க வேண்டும்.

அந்த வாக்கியத்தை எழுதுவதில் தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். சமத்துவம், நட்பு, இன்ப துன்பம் என்று ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதிவிட்டு, கணவர், மனைவி என்ற சொல்லையே விட்டுவிடுவார்கள். 'துணைவர்', 'இணையர்' எல்லாம் நல்ல சொற்கள்தான். இருந்தாலும் சட்டம் கேட்பது கணவர், மனைவி என்ற உறவை ஏற்பதை. ஆகவே உறுதிமொழியில் ஒரு இடத்திலாவது இருவரும் முழுப்பெயர் சொல்லி, "இன்னாரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன்", "இன்னாரை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குமுன்னும் பின்னும் உங்கள் விருப்பம்போல எழுதிக்கொள்ளலாம். மொத்தம் பத்து வரிக்குமேல் போக வேண்டாம். மேடையில் கை நடுங்கும், வெளிச்சம் கண்ணில் அடிக்கும். பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டு, தலைமை தாங்குபவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதைவிட நீங்களே படிப்பது நன்றாக இருக்கும். சொல்லும்போதே மாலையும் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று போதும் என்றாலும் இரண்டு நடந்தால் வாதமே எழாது.

பதிவு: 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்தவராக இருந்தாலும் கட்டாயம். 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்துவிடுங்கள். அதற்குமேல் 150 நாள்வரை கூடுதல் கட்டணத்தோடு முடியும். திருமணம் நடந்த இடத்து அலுவலகம் மட்டுமல்ல, மணமகனோ மணமகளோ குடியிருக்கும் பகுதி அலுவலகத்திலும் செய்யலாம். அடையாளச் சான்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகள் இவை எப்படியும் வேண்டும். உங்களைப் போன்றவர்கள் திணறும் இடம் வேறு. கோயில் ரசீது இருக்காது, புரோகிதர் பெயர் இருக்காது. அதற்குப் பதிலாக மண்டப ரசீது, அழைப்பிதழ், உறுதிமொழி சொல்லும்போதும் மாலை மாற்றும்போதும் கூட்டம் தெரியும்படி எடுத்த படம், தலைமை தாங்கியவரின் பெயரும் முகவரியும் ஆதாரமாக இருக்கும். அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்கும் தாள் மாறும். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே ஒருவர் நேரில் போய்ப் பட்டியல் வாங்கி வந்துவிட்டால் மூன்று தடவை அலைவது மிச்சம். "தாலி எங்கேம்மா?" என்று ஊழியர் கேட்டால் சண்டை வேண்டாம். "7-ஏ பிரிவுப்படி மாலை மாற்றித் திருமணம்" என்று விண்ணப்பத்தோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

மதத்தின் பெயரே வேண்டாம் என்பவர்களுக்கும், இருவரும் வேறு வேறு மதம் என்பவர்களுக்கும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் தொடர்ந்து குடியிருந்த பிறகு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். முப்பது நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருக்க வேண்டும். பிறகு மூன்று சாட்சிகளோடு போய் உறுதிமொழியில் கையெழுத்து. நோட்டீஸ் கொடுத்த மூன்று மாதத்துக்குள் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பலருக்குத் தெரியாத ஒன்று: நீங்கள் நிரந்தரமாக வசிக்கும் ஊர் வேறு மாவட்டம் என்றால், நோட்டீசின் நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போய் அங்கேயும் ஒட்டப்படும். வீட்டுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆட்சேபம் என்று யாரும் எதை வேண்டுமானாலும் எழுத முடியாது. வயது, ஏற்கெனவே திருமணம், மனநிலை, விலக்கப்பட்ட உறவு என்ற காரணங்களே எடுபடும். பெற்றோருக்குச் சம்மதமில்லை என்பது ஆட்சேபமே அல்ல. இருவரும் இந்துக்களாக இருந்தால் இந்தச் சட்டத்தில் மணந்தாலும் வாரிசுரிமை இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே தொடரும், 1976 திருத்தம் அதைச் சொல்லிவிட்டது. சொத்து போய்விடும் என்று சித்தப்பா சொன்னால் அதற்குப் பதில் இது.

சட்டம் இவ்வளவுதான். இனி வீடு. இங்கே சொல்வது அனுபவத்தில் பெரும்பாலும் சரியாக வந்தவை, விதி கிடையாது. பேச்சு முறிவதற்கு முதல் காரணம், 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்ற பட்டியலோடு போய் நிற்பது. கேட்பவர் காதில் அது "கல்யாணமே வேண்டாம்" என்று விழும். எது இருக்கும் என்று சொல்லுங்கள்: காலை பத்தரைக்கு விழா, நாதஸ்வரம் உண்டு, பந்தி உண்டு, தாய்மாமன் மேடையில் இருப்பார், குழுப் படம் உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு சொல்வது நேர்மையும் இல்லை, பலிக்கவும் பலிக்காது. மாப்பிள்ளை வீட்டுக்கு மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும். பெண் சொன்னால் "இப்பவே இப்படியா?" என்பார்கள், அந்தப் பேச்சு பத்து வருஷம் போகாது.

வீட்டார் கோபத்தை நோண்டிப் பார்த்தால், மந்திரத்துக்காக அழுகிறவர்கள் குறைவு. தாய்மாமனுக்கு மாலை இல்லையே, பங்காளிக்கு முறை இல்லையே, சம்பந்திக்கு எதிரில் தலை இறங்குமே என்பதே பலருக்கும் குறை. ஐயர் இல்லாத கல்யாணம் நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. கொங்கு நாட்டில் அருமைக்காரர் சீர் செய்து நடத்தி வைப்பது பழைய வழக்கம். ஆகவே எதில் அசைய மாட்டேன் என்று இரண்டோ மூன்றோ மட்டும் முடிவு செய்யுங்கள். அக்கினியும் தாரை வார்ப்பதும் தாலியும் இல்லை என்றால் அதோடு நில்லுங்கள். மாமன் சீலை, முகூர்த்தக்கால், வாழை மரம், கல்யாண வீட்டுக் கோலம், ராகுகாலம் தவிர்த்து நேரம் வைப்பது, இவற்றை விட்டுக்கொடுப்பதால் உங்கள் கருத்து தேய்ந்துபோகாது. ராகுகாலத்தில்தான் செய்வேன் என்பது சிலருக்குக் கொள்கை, மதிக்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் அது இல்லை. யாருக்கோ நிரூபிக்கவென்று அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம். ஆடியிலோ மார்கழியிலோ வைத்தால் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், பெரியவர்கள் பாதிப் பேர் வர மாட்டார்கள். கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடையில் கவனிக்க வேண்டியது இது. தாலி கட்டும் கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்டால் கூட்டம் எழும், அட்சதை விழும், கல்யாணம் ஆனது எல்லாருக்கும் தெரியும். உங்கள் விழாவில் அந்த நொடி எது என்று வந்தவர்களுக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்துபோய், "எப்ப ஆச்சு?" என்று கேட்பார்கள். மாலை மாற்றும்போது கெட்டிமேளம் வாசிக்கும்படி நாதஸ்வரக்காரர்களிடம் முன்பே சொல்லி, சைகை காட்ட ஒருவரை நிறுத்துங்கள். மஞ்சள் அரிசி வேண்டாமென்றால் உதிரிப் பூவைத் தட்டில் வைத்து வரிசைக்கு வரிசை கொடுத்துவிடுங்கள், வாழ்த்த வந்த கை சும்மா நிற்கக் கூடாது. இன்னொரு பெரிய ஆபத்து பேச்சாளர்கள். வாழ்த்துரை மூன்று பேருக்குமேல் வேண்டாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். உறுதிமொழியை முதலில் வைத்துவிட்டு வாழ்த்துரையைப் பிறகு வையுங்கள். மாற்றி வைத்தால் அரசியல் பேச்சு ஒரு மணி நேரம் ஓடி, பந்திக்கு ஆள் எழுந்து போன பிறகு நீங்கள் மாலையோடு நிற்பீர்கள். தலைமைக்குக் கட்சிக்காரரைவிட இரு வீட்டாரும் மதிக்கும் ஆசிரியர், மருத்துவர், ஊர்ப் பெரியவர் பொருத்தம். வந்திருக்கும் அத்தைமார் நம்பிக்கையைக் கேலி செய்யும் பேச்சு அங்கே வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வியில் வரதட்சணை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மந்திரத்தை மறுத்துவிட்டு ஐம்பது பவுனை வாங்கிக்கொள்ளும் முற்போக்குக் கல்யாணங்கள் நிறைய நடக்கின்றன, அதனால் கேட்காமலே சொல்கிறேன். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், தண்டனை ஐந்து ஆண்டுக்குக் குறையாது. கேட்காமல் தரும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு, ஆனால் என்ன பொருள், சுமாரான மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

இதுவரை சொன்னது, கோபம் அழுகையோடு நிற்கும் வீட்டுக்கு. சாதி மறுத்து மணப்பவர்களுக்கு இந்த யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். அடி, பூட்டி வைத்தல், மிரட்டல் என்ற அறிகுறி ஒன்று தெரிந்தாலும் வீட்டில் பேசிப் பார்ப்பதே ஆபத்து. அங்கே முதல் வேலை பத்திரமான இடமும் வழக்கறிஞரும் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுவும். 2018இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய இணையருக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டத் தனிப்பிரிவு என்று உத்தரவிட்டிருக்கிறது. ஊருக்கு ஊர் அது செயல்படும் விதம் வேறாக இருப்பதால் அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இனி அம்மா. அப்பா இல்லாததால் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்ப்பார்கள் என்று முடிவாகியிருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பேச வேண்டியது அங்கேதான் இருக்கிறது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரும் அந்தக் கூத்தில், உங்களை வளர்த்து ஆளாக்கியவர் தூணுக்குப் பின்னால் நிற்பார். உங்கள் முறையில் மேடை ஏறி மாலையை எடுத்துக் கொடுப்பவர் அவராக இருக்கலாம். கொள்கை, சட்டம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இதை மட்டும் கேளுங்கள். அவரே "நான் முன்னால் வந்தால் உனக்கு ஆகாது" என்று பயந்து மறுக்கவும் கூடும், அப்படி மறுப்பவர்கள் உண்டு. அன்றைக்கு வற்புறுத்தாதீர்கள். மாலைத் தட்டை அவர் கையில் கொடுக்கும் முடிவைக் கடைசிவரை திறந்தே வைத்து, முன் வரிசையில் மேடைப் படிக்கு ஓரமான நாற்காலியை அவருக்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவராக எழுந்து வந்தாலும் வரலாம்.